மூன்று முறை தோற்றவனின் பம்பாய் விலாசம்

நம் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர்களாகப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இருவரும் போன கிழமை வீட்டுக்கு வந்து, வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு நம் பழைய மாணவர்கள் எந்த வகையில் உதவியாக இருந்தார்கள் என்று நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். நாலு பக்கம் என்பதை இரண்டு தடவை அழுத்திச் சொன்னீர்கள். கிழவனை அவிழ்த்துவிட்டால் நானூறு பக்கம் வரும் என்று யாரோ உங்களை எச்சரித்திருக்கிறார்கள். யார் என்றும் எனக்குத் தெரியும். அவர் என்னிடம்தான் கடிதம் எழுதப் படித்தார். அவர் கடிதங்கள் இன்றைக்கும் நீளம்தான்.

எழுந்து போகும்போது வாசலில் நின்று, சங்கத்துக்குப் புதுப் பெயரேடு அச்சடிக்கப் போவதாகவும் அதில் தகுதியானவர்களை மட்டும் சேர்க்க எண்ணியிருப்பதாகவும் சொன்னீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பேனாவை எடுத்தேன். தகுதியானவர்களை மட்டும் சேர்ப்பதில் உங்களுக்கு முன்னோடி நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நான் இந்தப் பாடசாலைக்கு வந்தபோது, கண்டி திருகோணமலை வீதியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடிதான் பாடசாலை. ஒரு பக்கம் சுருக்கெழுத்து, ஒரு பக்கம் தட்டச்சு, நடுவில் நான். ஆங்கிலத்தில் வியாபாரக் கடிதம் எழுதக் கற்பிப்பது என் வேலை. அலவத்துகொடையில் இருந்து தினமும் வந்துபோகும் இளைஞன் ஒருவன் இவ்வளவு அழகான ஆங்கிலத்தில் எழுதுகிறானே என்று அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்த துரைமார் வியந்ததாக ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைப் பரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு.

பாடசாலையின் அதிபர் யாழ்ப்பாணத்தவர். பழைய மாணவர் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று ஒரு ஏடு வைக்கும்படி என்னிடம் சொன்னார். ரங்கூன், பினாங்கு, பம்பாய், கல்கத்தா என்று பிள்ளைகள் போகத் தொடங்கியிருந்த காலம். போகிற இடத்தில் கதவைத் தட்ட ஒரு வீடு வேண்டும் என்பது அவர் எண்ணம். நான் கெட்டித் தாளில் ஏடு கட்டி, சிவப்பு மையில் கோடு போட்டு, அழகான எழுத்தில் பெயர்களை எழுதினேன். முதல் வருஷமே ஒரு மாணவனை ரங்கூனில் இருந்த பழைய மாணவர் ஒருவரிடம் கடிதம் கொடுத்து அனுப்பினேன். கப்பல் போன மூன்றாம் நாள் அந்தப் பழைய மாணவரைக் கண்டிச் சந்தையில் பார்த்தேன். ஊர் திரும்பி எட்டு மாதமாம். மீன் வாங்கிக்கொண்டு நின்றார். என் ஏட்டில் அவர் ரங்கூனில்தான் இருந்தார், அதுவும் மிக அழகான எழுத்தில்.

இதில் இருந்து நான் கற்றிருக்க வேண்டியது, ஏட்டை நம்பாதே, ஆளை விசாரி என்பது. நான் கற்றதோ வேறு. ஏட்டில் கண்டவர்களையும் சேர்த்ததால்தான் இந்தக் குழப்பம் என்று முடிவுகட்டி, பரீட்சையில் தேறியவர்கள் மட்டுமே சங்கத்தில் இருக்கலாம் என்று ஒரு விதியை நானே எழுதி, நானே முன்மொழிந்து, கைதட்டலோடு நிறைவேற்றினேன். மறுநாள் உட்கார்ந்து தேறாதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு வெட்டினேன்.

வெட்டுப்பட்டவர்களில் ஒருவன் ஜமால்தீன். என் ஊரான். சுருக்கெழுத்தில் மூன்று தடவை தோற்றவன். அவன் காதில் விழுவது கைக்கு வரும்போது பாதி வழியில் வேறு யாருடைய பேச்சிலாவது கலந்துவிடும். பக்கத்துக் கதிரையில் இருப்பவனின் தங்கச்சிக்குக் கல்யாணம் எப்போது, கடுகண்ணாவையில் இருந்து வருகிற பையன் எந்த ரயிலைப் பிடிக்கிறான், அவன் தாய்க்கு மூட்டு வலி எப்படி என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். சுருக்கெழுத்து மட்டும் தெரியாது. மூன்றாம் முறை தோற்ற பிறகு ஒரு மாமனோடு பம்பாய்க்குப் போய், மிளகும் ஏலக்காயும் விற்கிற ஒரு கிட்டங்கியில் சேர்ந்துகொண்டான் என்று ஊரில் கேள்விப்பட்டேன். கேட்டதோடு சரி. என் ஏட்டில் இல்லாதவன் பம்பாயிலும் இல்லை என்பதுபோல நடந்துகொண்டேன்.

இனி வேலாயுதத்துக்கு வருகிறேன். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவன் அப்பா கணக்கப்பிள்ளை. நல்ல பிள்ளை, கூச்சம் அதிகம். நம்மிடம் எல்லாப் பரீட்சையிலும் தேறியதும் பம்பாயில் ஒரு வணிகக் கல்லூரியில் சேர விரும்பினான். அவன் தோட்டத்தில் இருந்து அதுவரை யாரும் அவ்வளவு தூரம் படிக்கப் போனதில்லை. அதிபர் சம்மதித்தார். சிபாரிசுக் கடிதத்தை நான் எழுதினேன். அரை நாள் எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது அந்தப் பையனைக் கல்லூரியில் சேர்ப்பதா, கல்லூரியையே அவனிடம் ஒப்படைப்பதா என்ற சந்தேகம் வரும்படி இருந்தது. நான் பூரித்துப்போனேன். அதிபர் கையொப்பத்துக்கு முன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். உண்மைதானே என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

கண்டி ஸ்டேஷனில் வழியனுப்பினோம். பொல்கஹவெலையில் மாறி, தலைமன்னார் போய், தோணித்துறையில் கப்பலேறி, அக்கரையில் மீண்டும் ரயில். போய்ச் சேர்ந்ததாகக் கடிதம் வந்தது. பிறகு இரண்டு வந்தன. அதன் பிறகு நின்றுவிட்டது.

ஒரு சனிக்கிழமை முற்பகல் அவன் அப்பா பாடசாலைப் படியேறி வந்தார். தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். கதிரை போட்டும் உட்காரவில்லை.

"ஆறு வாரமா ஒரு கடுதாசி இல்லீங்க சார். நாங்க எழுதினதுக்கும் பதில் வரல. அவங்க அம்மா தபால்காரரு வர்ற நேரத்துக்கு ரோட்டுல போயி நிக்கிறா. நீங்க அனுப்புன பையன், நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

நீங்கள் அனுப்பிய பையன் என்றார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல, உரிமையோடு. நான் உடனே கல்லூரிக்குத் தந்தி கொடுத்தேன். திங்கட்கிழமை பதில் வந்தது: மாணவர் மூன்று வாரமாக வகுப்புக்கு வரவில்லை, விடுதியையும் விட்டுவிட்டார், மேலதிக விவரம் இல்லை.

தந்தியை வாசித்த அதிபர் என் அலுமாரியைக் காட்டினார். ஏட்டை எடு என்று அர்த்தம். பெருமையோடு எடுத்தேன். பம்பாயில் நமக்கு மூன்று பழைய மாணவர்கள் இருந்தார்கள், மூவரும் முதல் தரத்தில் தேறியவர்கள், பெரிய கந்தோர்களில் பெரிய கதிரைகளில் இருந்தவர்கள். மூவருக்கும் தந்தி போனது. முதலாமவர், சங்கம் தன்னை நினைவு வைத்திருப்பது குறித்து மகிழ்ந்து எங்கள் எல்லோருக்கும் நல்வாழ்த்துத் தெரிவித்தார். தந்தியை முழுதும் வாசித்திருக்க மாட்டார் என்றே இன்றைக்கும் நம்புகிறேன். இரண்டாமவர் பூனாவில் காற்று மாற்றிக்கொண்டிருப்பதாக அவர் கந்தோர் சொன்னது. மூன்றாமவர் கொஞ்சம் பொறுப்பானவர். பம்பாய் போன்ற நகரத்தில் தனி ஆளாக ஒருவனைத் தேட முடியாது, பொலிஸில் முறையிடுங்கள், வேண்டுமானால் நானே முறையிடுகிறேன் என்று எழுதினார்.

அந்தப் பதில் வந்த நாளில் கணக்கப்பிள்ளை மறுபடி வந்திருந்தார். பொலிஸ் என்றதும் அவர் முகம் மாறியது. பையன் பயந்தவன், பொலிஸ்காரன் பெயர் சொல்லித் தேடினால் இன்னும் தூரம் ஓடிவிடுவான் என்றார். அதிபர் என் பக்கம் திரும்பி, நீர் என்ன சொல்லுறீர் என்று கேட்டார். ஒரு தகப்பன் எதிரே நிற்கிறார், மேசையில் தந்தி இருக்கிறது, நான் சொல்கிறபடிதான் நடக்கும். காணாமல் போனவன் சாகக் கிடந்தால் ஒவ்வொரு நாளும் பொன். ஒளிந்திருந்தால் அவசரம்தான் கேடு. எது என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே முடிவு சொல்ல வேண்டியிருந்தது. உங்களுக்கும் இது வரும். அப்போது யாரும் வந்து உங்கள் காதில் விடையைச் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு அந்த நேரத்தில் ஜமால்தீன் நினைவு வந்தது. கண்டியில் எந்தப் பையன் எந்த வேளையில் எங்கே இருப்பான் என்று தெரிந்து வைத்திருந்தவன், ஏழு வருஷமாகப் பம்பாயில் இருக்கிறான். ஒரு கிழமை பொறுப்போம், அதற்குள் தகவல் இல்லாவிட்டால் பொலிஸ், என்றேன். அதிபர் சரி என்றார். கணக்கப்பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜமால்தீனின் விலாசம் என்னிடம் இல்லை என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விலாசம் இருந்த ஒரே இடம் அவன் உம்மாவின் வீடு. அன்று பிற்பகலே அலவத்துகொடைக்குப் போனேன். முற்றத்தில் பாயை விரித்துச் சாதிக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சாச்சி முறை. சின்ன வயதில் அந்த முற்றத்தில் விளையாடியவன்தான் நான். பெயரை வெட்டிய பிறகு அந்தப் பக்கம் போனதில்லை. என்னைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வழக்கமாகச் சொல்லும் மகன் என்ற சொல்லை விட்டுவிட்டு, "வாங்க மாஸ்டர்" என்றார்.

வந்த காரியத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே சாதிக்காயைப் புரட்டினார். பிறகு உள்ளே போய், தேத்தண்ணியும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தார். அதன் பிறகுதான் பெட்டியைத் திறந்து ஒரு கடித உறையை எடுத்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இது பாஸாகாத பொடியன்ட கடுதாசி, மாஸ்டர். ஒங்கட கை படலாமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு கருப்பட்டியைக் கடித்தேன். அது வாயில் கரையும் மட்டும் அவர் என்னை விடவில்லை. அவன் பெயரை வெட்டிய செய்தி ஊருக்குள் எப்படி வந்தது, யார் யார் வந்து துக்கம் விசாரித்தார்கள், அவன் வாப்பா எத்தனை நாள் பள்ளிவாசலுக்குச் சுற்றுவழியாகப் போனார் என்று எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிக்காமல் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசியில் உறையை என் மடியில் வைத்தார். "அவன்ட பேர திருப்பிப் போடுங்க எண்டு நான் கேக்க மாட்டன். காணாமப் போன புள்ளைக்கும் ஒரு உம்மா ஈக்கிறா தானே. சுணங்காமப் போய்த் தந்தி குடுங்க, மகன்."

கொடுத்தேன். வேலாயுதத்தின் ஊர், உயரம், நெற்றியில் இருக்கும் தழும்பு, எல்லாம் சேர்த்து நீண்ட தந்தி. மறுநாள் ஜமால்தீனிடம் இருந்து இரண்டே சொல்லில் பதில் வந்தது: தேடுகிறேன் மாஸ்டர். ஐந்தாம் நாள் இன்னொன்று: கண்டுபிடித்தேன், சுகமாக இருக்கிறான், கடிதம் வருகிறது.

கணக்கப்பிள்ளைக்குச் செய்தி சொல்ல நானே பஸ் ஏறித் தெல்தெனிய வழியாகத் தோட்டத்துக்குப் போனேன். வேலாயுதத்தின் அம்மா ரோட்டோரத்தில்தான் நின்றிருந்தார். தந்தியை அவர் கையில் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடிதம் அடுத்த கிழமை வந்தது. ஜமால்தீனுக்கு அப்போதும் கையெழுத்து மோசம். ஆனால் அவன் தேடிய முறையைச் சங்கத்துக்கு வரும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். விடுதி, கல்லூரி, வைத்தியசாலை என்று அவன் அலையவில்லை. மனம் உடைந்த பிள்ளை தன் பாஷையும் சோறும் இருக்கிற இடத்துக்குத்தான் போவான் என்று நினைத்து, தாராவிப் பக்கம் தமிழ் ஆட்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடைகளுக்குப் போயிருக்கிறான். பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை, தன் பெயரை ஒளிப்பவன் வேறு பெயர்தான் சொல்லியிருப்பான் என்பதால். இங்கே தேத்தண்ணி என்று கேட்கிற பையன் யாராவது வருகிறானா என்று கேட்டிருக்கிறான். இந்தியாவில் இருக்கிற தமிழருக்கு அது டீ. இரண்டாவது கடைக்காரர் சிரித்துவிட்டு, அப்படி ஒருத்தன் தினமும் காலையில் வருகிறான் என்றாராம்.

மறுநாள் காலையில் ஜமால்தீன் அங்கே போய் இருந்திருக்கிறான். வேலாயுதம் கடையின் மூலையில் உட்கார்ந்து, தோல் பதனிடும் தொழிலாளிகளுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். அதுதான் அவன் பிழைப்பு. தாய்க்கு, மனைவிக்கு, அண்ணனுக்கு என்று ஊரார் கடிதமெல்லாம் அவன் கையால் திருநெல்வேலிக்குப் போயின. தன் வீட்டுக்கு ஒரு வரி எழுதவில்லை. ஜமால்தீன் எதிரே உட்கார்ந்து, எனக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும், ஹுன்னஸ்கிரியவுக்கு, என்றானாம். பையன் பேனாவை வைத்துவிட்டு அழுதானாம்.

கடிதத்தின் அடுத்த பக்கம் எனக்கானது. அதை நான் நின்றுகொண்டு வாசிக்க ஆரம்பித்து, உட்கார்ந்து முடித்தேன்.

என் சிபாரிசுக் கடிதத்தில் ஒரு வாக்கியம் இருந்தது: வேலாயுதம் கம்பனிச் சட்டத்தையும் பொருளியலையும் எங்களிடம் முழுமையாகக் கற்றவர். நடந்தது என்ன என்றால், கண்டிக் கோர்ட்டில் வழக்குப் பார்க்கும் ஒரு புரொக்டர் மாலை நேரம் வந்து அந்தப் பாடங்களை நடத்துவதாக ஒப்புக்கொண்டார். ஆறு நாள் வந்தார். ஏழாம் நாள் மழை என்று வரவில்லை. மழை விட்ட பிறகும் வரவில்லை. அந்த ஆறு நாளைத்தான் என் ஆங்கிலம் முழுமையாக்கியிருந்தது. பம்பாய்க் கல்லூரி அதை நம்பி, முதல் வருஷம் தேவையில்லை என்று வேலாயுதத்தை நேரே இரண்டாம் வருஷத்தில் வைத்துவிட்டது. அங்கே பேசியது ஒன்றும் அவனுக்குப் புரியவில்லை. ஒரு விரிவுரையாளர் எழுப்பிக் கேள்வி கேட்டு, இதை நீ கற்றதாக உன் ஆசிரியர் எழுதியிருக்கிறாரே என்றாராம். பிள்ளை பதில் சொல்லாமல் நின்றிருக்கிறான்.

ஜமால்தீன் எழுதியிருந்தது இது: "கற்கவில்லை என்று சொன்னால் மாஸ்டர் பொய்யர் ஆவார், அதனால் சொல்லவில்லை என்கிறான். உங்கள் பெயரைக் காப்பாற்றத்தான் ஓடியிருக்கிறான். நான் எவ்வளவு சொல்லியும் கல்லூரிப் பக்கம் வர மாட்டேன் என்கிறான். இதை என்னால் சரிசெய்ய முடியாது மாஸ்டர். உங்களால்தான் முடியும்."

நான் ஏழு வருஷத்துக்கு முன்னால் தகுதியில்லை என்று வெட்டியவன் எழுதிய வரிகள் இவை. இதில் ஒரு சுடுசொல்கூட இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் அப்போதே கவனித்தேன். அதனால் தூக்கமும் கெட்டது.

அதிபரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு எதிரே நின்றேன். திருத்தி எழுதுவதில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. அந்த வருஷம் நம்முடைய இன்னும் இரண்டு மாணவர்களின் விண்ணப்பம் அதே கல்லூரியில் கிடந்தது. இந்தப் பாடசாலையின் கடிதம் பொய் சொல்லும் என்று அவர்கள் ஒருமுறை கண்டுகொண்டால், பிறகு எங்கள் கையொப்பத்துக்கு என்ன மதிப்பு? இதையெல்லாம் நான் அதிபருக்கு விளக்கத் தொடங்கினேன். விஷயத்தைப் பூசி மெழுகி, கல்லூரிதான் தவறாகப் புரிந்துகொண்டது என்று தோன்றும்படி ஒரு கடிதம் எழுதலாம் என்றும் சொன்னேன். அதை எழுதக்கூடிய ஆள் நான்தான் என்பதில் எனக்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமை இருந்தது.

அவர் முழுதும் கேட்டார். பிறகு, அந்தப் புரொக்டர் எத்தனை நாள் வந்தவர் என்று கேட்டார். ஆறு நாள் என்றேன்.

"ஓம். ஆறு எண்டு எழுதும். வடிவா எழுதத் தேவையில்லை."

அவ்வளவுதான் அவர் சொன்னது. கையொப்பம் போட்ட தன் பிழையையும் அதே கடிதத்தில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அதற்குமேல் ஒரு சொல் என்னைக் கடியவில்லை.

வடிவாக எழுதாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. முதல் படி ஒன்றரைப் பக்கம் வந்தது. வாசித்தேன், அதில் குற்றவாளி மழை. கிழித்தேன். இரண்டாவதில் குற்றவாளி புரொக்டர். அதையும் கிழித்தேன். பொழுது சாயும் நேரத்தில் நாலு வாக்கியம் மிஞ்சியது. அந்த இரண்டு பாடங்களும் ஆறு நாள் மட்டுமே நடந்தன. முழுமையாகக் கற்றவர் என்று நான் எழுதியது உண்மை அல்ல. பிழை என்னுடையதும் கையொப்பமிட்ட அதிபருடையதும், மாணவருடையது அல்ல. அவரை முதலாம் வருஷத்தில் வைத்துப் படிக்க அனுமதிக்க வேண்டும். என் வாழ்நாளில் எழுதிய கடிதங்களில் ஆகச் சிறியது அது. ஜமால்தீனுக்கும் ஒரு பிரதி அனுப்பி, வேலாயுதத்திடம் வாசித்துக் காட்டச் சொன்னேன்.

கணக்கப்பிள்ளையிடமும் சொல்லியாக வேண்டும். அடுத்த சனிக்கிழமை அவர் ஒரு சாக்குப் பேரிக்காயோடு நன்றி சொல்ல வந்திருந்தார். பேரிக்காயை வாங்குவதற்கு முன் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டால் நல்லது என்று நான் காத்திருந்தேன்.

"பையன் மேல உள்ள பிரியத்துலதான் எழுதியிருப்பீங்க," என்றார். பிறகு சாக்கை என் பக்கம் நகர்த்தினார். "அடுத்த பிள்ளைக்கு எழுதுறப்ப, பிரியத்தக் கொஞ்சம் கொறச்சுக்கங்க சார்."

பம்பாயில் நடந்ததை ஜமால்தீன் பிறகு எழுதினான். என் கடிதம் போய்ச் சேர்ந்ததும் வேலாயுதத்தை அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போயிருக்கிறான். ஜமால்தீன் தன் துருக்கித் தொப்பியைச் சரிசெய்துகொள்ள, இருவரும் கந்தோர் வாசலில் அரை நாள் உட்கார்ந்திருந்தார்களாம். உள்ளே கூப்பிட்ட கல்லூரித் தலைவர், என் கடிதத்தை வைத்துக்கொண்டு, நீர் யார் என்று ஜமால்தீனைக் கேட்டிருக்கிறார். இவன் படித்த பாடசாலையில் நானும் படித்தவன் என்றானாம். தேறினீரா என்று அவர் கேட்க, இல்லை ஐயா, மூன்று முறை தோற்றேன் என்றானாம். தலைவர் கடிதத்தை மறுபடி ஒரு தடவை வாசித்துவிட்டு, உங்கள் பாடசாலையில் உண்மை பேசுகிறவர்களும் இருக்கிறார்கள் போலிருக்கிறதே என்று சிரித்தாராம். வேலாயுதத்தை முதலாம் வருஷத்தில் உட்கார வைத்தார்கள். மற்ற இரண்டு விண்ணப்பங்களையும் அவர்கள் தள்ளவில்லை. சான்றிதழ்களை மட்டும் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தார்கள். அது நியாயம்தான்.

அந்த வருஷக் கூட்டத்தில் என் விதியை நானே எழுந்து நீக்கச் சொன்னேன். சிலருக்குப் பிடிக்கவில்லை. தோற்றவர்களின் பெயரும் இருந்தால் ஏட்டின் மதிப்புக் குறையும் என்றார்கள். ஏழு வருஷத்துக்கு முன் நான் பேசிய அதே பேச்சு, சொல்லுக்குச் சொல். நான் ஜமால்தீனின் கடைசிக் கடிதத்தை வாசித்தேன். பெயரைத் திரும்பச் சேர்க்கலாமா என்று நான் கேட்டதற்கு அவன் எழுதிய பதில் அது. சேர்ப்பதென்றால் சுருக்கெழுத்தில் மூன்று முறை தோற்றவன் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள், அப்போதுதான் கஷ்டத்தில் இருக்கிற பிள்ளை என் கதவைத் தட்டக் கூச்சப்பட மாட்டான் என்று எழுதியிருந்தான். அதன் பிறகு யாரும் எதிர்க்கவில்லை. அப்படியே எழுதினேன். அவன் உம்மாவிடம் ஏட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது, தோற்றதைச் சிவப்பு மையிலா எழுத வேண்டும் என்று கேட்டார். கறுப்பில் மாற்றி எழுதிக்கொண்டு இன்னொரு முறை போனேன்.

பெரிய கதிரையில் இருந்த அந்த மூவரையும் குறைவாக நினைத்துவிடாதீர்கள். பிறகு வேலாயுதத்துக்கு ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை எடுத்துக் கொடுத்தது, பூனாவில் காற்று வாங்கியவர்தான். பெரிய ஆட்களால் கதவு திறக்க முடியும். வாசலே தெரியாமல் தெருவில் நிற்கிற பிள்ளையைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. அதற்குத் தெருவில் நின்று பார்த்தவன் வேண்டும். இரண்டு பேரும் உங்கள் ஏட்டில் இருக்கட்டும். யார் எந்த வேலைக்கு என்று தெரிந்துவைத்திருப்பதுதான் செயலாளரின் வேலை.

வேலாயுதம் பம்பாயிலேயே தங்கிவிட்டான். முப்பதுகளின் கடைசியில் சுன்னாகத்துப் பிள்ளை ஒருவன், நம்மிடம் படித்துவிட்டு அதே கல்லூரிக்குப் போனான். அவனுக்கும் சிபாரிசு எழுதியது நான்தான். கடும் உழைப்பாளி என்று ஒரு சொல் போட்டிருந்தேன். போய்ச் சேர்ந்ததும் அவன் எழுதினான்: ஸ்டேஷனில் இரண்டு பேர் வந்து நின்றார்கள், ஒருவர் துருக்கித் தொப்பி, மற்றவர் கண்ணாடி. கண்ணாடிக்காரர் என் பெட்டியை வாங்கிக்கொண்டு, பிரயாணம் எப்படி என்றுகூடக் கேட்காமல், மாஸ்டர் உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டார். கடும் உழைப்பாளி என்று எழுதினவர் என்றேன். உடனே, காலையில் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள் என்று கேட்டார். ஏழரை என்றேன். இருவரும் சிரித்தார்கள். நாளையில் இருந்து தான் ஆறு மணிக்கு வந்து எழுப்புவதாக அவர் சொன்னார். சொன்னபடியே வருகிறார், மாஸ்டர்.

அடுத்த வருஷம் சிபாரிசு கேட்டு ஒரு மாணவன் என் முன்னால் வந்து நின்றபோது, தாளை எடுத்தேன், பேனாவில் மை தொட்டேன், பிறகு நிமிர்ந்து அவனிடம் முதலில் அதைத்தான் கேட்டேன். எட்டு மணி என்றான். எட்டு என்றே எழுதி அனுப்பினேன். சேர்த்துக்கொண்டார்கள்.